கைக்குழி

வெள்ளைக்காரர் என்றதும்
ஸ்டூலைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருந்தேன்.
தேவைப்படவில்லை.
என் உயரம்தான் இருந்தார் திசியானோ.

அங்கேரிபாளையம் ரோடு, இரண்டாம் மாடி, சாம்பிள் ரூம்.
கீழே நாற்பது ஓவர்லாக் ஓடும்போது
மேலே மேஜையில் டீ டம்ளர்
தானாக நகர்ந்துகொண்டிருக்கும்.
"வளையத்துல ஐரோப்பாவையே ஜெயிச்சவருங்க மாஸ்டர்"
என்றான் கீர்த்திவாசன்.
இப்போது அவர் நாட்டு ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கு
உடுப்பு ஆர்டர் தர வந்திருக்கிறார்.
எந்த வளையம் என்று நான் கேட்கவில்லை.
கழுத்தில் டேப் கிடந்தது.

தோள் இருபது.
இந்த உயரத்துக்கு அது தப்பான எண்.
மறுபடி வைத்தேன். இருபதேதான்.
மார்பு நாற்பத்தி நாலு, இடுப்பு இருபத்தொன்பது.
எங்கள் சைஸ் சார்ட்டில் இப்படி ஒரு மனுஷன் கிடையாது.
ஆறு வயதில் தொங்க ஆரம்பித்தாராம்,
அப்பாவுக்கு மீன் மார்க்கெட்டில் வேலை,
ஐஸ் பெட்டி தூக்கும் கொக்கிகளில்.

வலது புஜம் பதினைந்தரை.
இடது, பதினாலே முக்கால்.
நிமிர்ந்து பார்த்தேன்.
முழங்கைக்கு மேலே விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.
அறுந்த தசைநார்
ஷட்டர் மாதிரி சுருண்டு மேலே ஏறிவிட்டதாம்.
அப்போது வயது இருபத்தொன்பது.
இரண்டு வருடம் கழித்து அதே கையோடு போயிருக்கிறார்.
மேலே எல்லாம் சரியாக வந்து
குதித்து இறங்கும்போது
வலது கால் ஓர் அடி பின்னால் போய்விட்டது.
அந்த அடிக்குப் பத்தில் ஒன்று பிடித்துக்கொண்டார்கள்.
நாலாம் இடம்.
இதைச் சொல்கையில் அவர் பார்வை
தரையில் ஓர் இடத்தில் நின்றது.
நானும் அந்த இடத்தைப் பார்த்தேன்.
வெட்டுத் துணி கிடந்தது.

சாம்பிளைப் போட்டுக்கொண்டார்.
துணி ரோல் ஏற்றும் இரும்புத் தூலத்தில்
பையிலிருந்த வளையங்களைக் கட்டினார்.
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே எதையோ தேடினார்.
புரிந்தது.
துணியில் கோடு போடும் சாக்பீஸைக் கொடுத்தேன்.
நொறுக்கிப் பூசிக்கொண்டார், நீலச் சாக்பீஸ்.

செக்கிங்கிலிருந்து பூவாத்தா ஓடிவந்தாள்.
"ஐயோ சாமி, கை வுட்டுப்போயிருமுங்!"
மேலே போய், மெதுவாக, இரண்டு பக்கமும்
கைகளைத் திறந்தார்.
நாற்பத்தாறு வயது.
ஒன்று என்று எண்ணினேன்.
டம்ளர் நகர்ந்துகொண்டிருந்தது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.
கயிறு ஆடவில்லை.
முகத்தில் ஒன்றுமே இல்லை,
பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல.
இரண்டு எண்ணுவதற்குள் டப்பென்று
இடது கைக்குழியில் தையல் விட்டது.
அவர் விடவில்லை. மூன்று வரை எண்ணினேன்.

மூணு நூல் தையல் போதும் என்று
காஸ்டிங்கில் எழுதியது நானில்லை.

ராத்திரி எட்டு வரை உட்கார்ந்து
இடதுக்கு ஒரு பேட்டர்ன், வலதுக்கு ஒரு பேட்டர்ன் வரைந்தேன்.
புரொடக்சன் மேனேஜர் சிரித்தார்.
"ஆயிரத்து இருநூறு பீஸுங்க மாஸ்டர்.
துணியை மடிச்சுப் போட்டு ஒரே வெட்டுதான்.
பிள்ளைகளுக்கெல்லாம்
ரெண்டு கையும் ஒண்ணாத்தானே இருக்கும்?"
இருக்கும்.
இப்போதைக்கு இருக்கும்.
அவருக்கு மட்டும் ஒன்று தைத்தேன்,
கணக்கில் வராமல்.

மறுநாள் அதைப் போட்டு, மேலே சட்டை மாட்டிக்கொண்டு
முதலாளி அறைக்குப் போனார்.
நாலு நூல் தையல்தான் வேண்டும்,
விலையில் மட்டும் மூன்று சென்ட் குறைக்க வேண்டும்.
ஒன்றரை மணி நேரம்.
கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன்.
டீ ஆறிப்போயிருந்தது.
முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், கால்குலேட்டரைத் தட்டினார்,
பஞ்சு விலை சொன்னார், சாயக்கூலி சொன்னார்.
எதிரே
வளையத்தில் இருந்த அதே முகம்.

முதலாளிதான் முதலில் இறங்கினார்.